விடுதியில் இடமில்லை, ஹோட்டலில் தங்கச் சொல்கிறார்கள்: ஒப்புக்கொள்ளலாமா?

ஈசூனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் தேசிய சேவை முடித்துவிட்டு ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் பட்டப்படிப்பில் சேர்கிறான். விடுதிக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. இப்போது, 'விடுதியில் இடம் போதவில்லை, முதல் பருவத்துக்கு வளாகத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு ஹோட்டலில் இருவருக்கு ஓர் அறை தருகிறோம்' என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அவன் துள்ளிக் குதிக்கிறான். எனக்குத்தான் தூக்கமில்லை. இது ஏமாற்று வேலையா? சிங்கப்பூரில் இப்படியெல்லாம் செய்வார்களா?"

ஏமாற்று வேலை இல்லை அம்மா. உங்கள் மகன் குதிப்பதிலும் தவறில்லை. இரண்டு ஆண்டுகள் பத்துப் பன்னிரண்டு பேரோடு ஒரே கூடத்தில் படுத்து எழுந்தவனுக்குக் குளிரூட்டிய அறை, அகலக் கட்டில், விரிப்பு மாற்ற ஓர் ஆள் என்றால் சொர்க்கம்தான். நீங்கள் தூங்காமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. அது நீங்கள் நினைக்கும் காரணமாக இருக்காது என்பதுதான் என் எண்ணம்.

நான் ஹோட்டல் வரவேற்பு மேசையில் 9 ஆண்டுகளும், பிறகு இங்குள்ள உயர்கல்வி நிலையம் ஒன்றின் விடுதி அலுவலகத்தில் 14 ஆண்டுகளும் வேலை பார்த்தவன். இரண்டு இடத்திலும் சாவி கொடுத்துத்தான் பிழைத்தேன். தமிழில் இரண்டையும் 'விடுதி' என்றே எழுதிவிடுகிறோம்: தங்கும் விடுதி, மாணவர் விடுதி. ஹோட்டல் என்று சொன்னாலோ நம்மில் பாதிப் பேருக்குச் சிராங்கூன் சாலையின் நெய்த்தோசைதான் நினைவுக்கு வரும். தொழிலில் இவை வேறு வேறு பிழைப்புகள். மாணவர் விடுதி ஓர் அறையைப் பருவக் கணக்கில் கொடுக்கிறது. ஹோட்டல் இரவுக் கணக்கில் விற்கிறது. செவ்வாய்க்கிழமை காலியாகக் கிடக்கும் அறையே, ஊரில் ஏதாவது பெரிய நிகழ்ச்சி நடக்கும் சனிக்கிழமை இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போகும். 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் இங்கே ஆறு இரவுகள் பாடியபோது அறை தேடியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதலில், கல்லூரிக்கு ஏன் இடம் போதாமல் போகிறது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 500 பத்திரிகை வைத்தால் 350 இலை விழும் என்று வீட்டுப் பெரியவர் ஒரு கணக்கு வைத்திருப்பார். அமெரிக்கக் கல்லூரிகளும் அப்படித்தான். ஒரு மாணவர் ஏழெட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பார், ஒன்றில்தான் சேர்வார். ஆகவே இருக்கும் இடங்களைவிடப் பல மடங்கு பேருக்குச் சேர்க்கைக் கடிதம் போகும். பெரும்பாலான கல்லூரிகளில் மே 1 தான் பதில் சொல்லக் கடைசி நாள். அன்றைக்குத்தான் எத்தனை இலை என்பதே ஓரளவு தெரியும். அந்த ஆண்டு வழக்கத்தைவிட நூறு பேர் கூடுதலாக 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டால், ஆகஸ்ட்டுக்குள் ஒரு கட்டடமா எழுப்ப முடியும்? இருவர் அறையில் மூன்றாவது கட்டிலைத் திணிப்பார்கள். மாணவர்கள் கூடிப் பேசும் கூடத்தில் தடுப்பு வைத்து அறையாக்குவார்கள். அதற்கும் மேல் போனால் பக்கத்து ஹோட்டலில் ஒரு தளத்தை மொத்தமாக எடுப்பார்கள்.

கல்லூரி கணக்குத் தெரியாமல் மாட்டிக்கொண்டது என்று பரிதாபப்படவும் வேண்டாம். காலிக் கட்டில் கல்லூரிக்கு நஷ்டம், நெரிசல் மாணவருக்கு நஷ்டம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பருவம் தொடங்கிச் சில வாரங்களில் சிலர் ஊர் திரும்புவார்கள், சிலர் வெளியில் வீடு பார்த்துப் போவார்கள். அப்படிக் காலியாகும் கட்டில்களுக்கு ஹோட்டலில் இருப்பவர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொள்வார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

2021-ல் இது பெரிதாக வெடித்தது. கோவிட் காலத்தில் படிப்பைத் தள்ளிப்போட்டவர்கள், வீட்டிலிருந்தே முதலாண்டை முடித்தவர்கள், புதிதாக வந்தவர்கள் என எல்லாரும் ஒரே நேரத்தில் வளாகத்துக்குத் திரும்பினார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் அந்த ஆண்டு நூற்றுக்கணக்கானவர்களை ஹோட்டல்களில் தங்கவைத்தது. அதே வளாகத்தில்தான் சார்லி மங்கர் என்ற கோடீஸ்வரர், 4,500 பேர் தங்கும் 11 மாடிக் கட்டடத்துக்குப் பணம் தருகிறேன், ஆனால் என் வடிவமைப்பில்தான் கட்ட வேண்டும் என்றார். அந்த வடிவமைப்பில் பெரும்பாலான படுக்கையறைகளுக்கு ஜன்னலே கிடையாது. வடிவமைப்பைப் பரிசீலிக்கும் குழுவிலிருந்த கட்டடக் கலைஞர் ஒருவர் 2021 அக்டோபரில் அதை எதிர்த்துப் பதவி விலகினார். 2023-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. (ஜன்னலில்லாத அறையை விற்பதில் நாமும் சளைத்தவர்கள் அல்லர். லிட்டில் இந்தியாவின் மலிவு ஹோட்டல்களில் அறை எடுத்தவர்களுக்குத் தெரியும்.)

அதே மாநிலத்தின் ஹம்போல்ட் பல்கலைக்கழகம் 2022-ல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகத் தரம் உயர்ந்தது. மாணவர் கூட்டம் பெருகும் என்று எதிர்பார்த்து, 2023-ன் தொடக்கத்தில் ஏற்கெனவே படிப்பவர்களிடம், 'வளாகத்தில் உங்களுக்கு இடமில்லை, மோட்டல்களில் ஏற்பாடு செய்கிறோம்' என்று சொன்னது. கடலில் ஒரு மிதவைக் குடியிருப்பை நிறுத்துவது பற்றிக்கூடப் பேச்சு எழுந்தது. மாணவர்கள் கொதித்துப் போனார்கள். ஃபுளோரிடாவின் நியூ காலேஜில் 2023-ல் வேறு கதை: பழைய விடுதிக் கட்டடங்களில் பூஞ்சணம். கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வடிவமைத்த புகழ்பெற்ற கட்டடங்கள்தான், ஆனால் பூஞ்சணத்துக்குப் புகழ் தெரியாதே. அந்த ஆண்டு விளையாட்டு வீரர்கள் உட்படப் புதியவர்கள் ஏராளமாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்கள் பலர் ஹோட்டலுக்குப் போனார்கள், புதியவர்களுக்கு நல்ல கட்டடங்கள் போயின. வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரி வேறு வழியில் போய், ஒரு பருவம் விடுப்பு எடுத்துக்கொள்ளும் மூத்த மாணவர்களுக்கு 10,000 டாலர் தருவதாகச் சொன்னது. வராமல் இருப்பதற்குக் காசு! நம் பந்திக் கணக்கில் இதற்கு உவமை கிடைக்கவில்லை.

ஆக, உங்கள் மகனுக்கு வந்த கடிதம் புதிதும் அல்ல, விசித்திரமும் அல்ல. பெரும்பாலும் விடுதிக் கட்டணத்தையே வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும். உங்கள் கடிதத்திலும் அப்படித்தான் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

இனி சிங்கப்பூர். இங்கே அந்த அளவுக்கு நடக்காததற்கு முதல் காரணம், நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே போய்வருகிறார்கள். பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஜூரோங் மேற்கில் இருக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். புலம்பிக்கொண்டே போவார்கள், ஆனால் போவார்கள். விடுதியில் இடமில்லை என்றால் இங்கே ஒருவன் தூக்கத்தை இழப்பான். அமெரிக்காவில் படிப்பையே இழப்பான்.

இரண்டாவது காரணம் விலை. இங்கே ஹோட்டல் அறை 150 வெள்ளி என்று சொன்னால் அதன் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் நிற்கும். 10% சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9% பொருள் சேவை வரி. ரசீதில் 179 வெள்ளி 85 காசு. மாதத்துக்கு 5,400 வெள்ளியைத் தொடும். மொத்தமாக எடுத்தால் குறைப்பார்கள்தான், ஆனால் எவ்வளவு குறைத்தாலும் எந்த விடுதி அலுவலகத்தின் வரவுசெலவிலும் அது முள்ளாகக் குத்தும்.

அப்படியிருந்தும் இங்கே ஹோட்டல் பக்கம் ஒதுங்க வேண்டியவர்கள் சிலர் உண்டு. ஒரு பருவத்துக்கு மட்டும் வரும் பரிமாற்ற மாணவர்கள்தான் அவர்கள். விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் ஓர் அறை பார்த்துக்கொள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடச் சட்டம் இடம் தராது. தனியார் வீடு என்றாலும் குறைந்தது மூன்று மாதம். ஆகஸ்ட்டில் வந்து டிசம்பர் தொடக்கத்தில் கிளம்பும் பிள்ளைக்கு வீவக வாசல் முழுதாக மூடியிருக்கிறது. மிஞ்சுவது தனியார் கொண்டோவில் ஓர் அறை, பலர் சேர்ந்து தங்கும் கூட்டுக் குடியிருப்பு, இல்லாவிட்டால் ஹோட்டல். 2022-ல் தனியார் வீட்டு வாடகை ஒரே ஆண்டில் 29.7% ஏறியபோது இவர்கள் பட்ட பாட்டை என் மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு 2024 ஜனவரியிலிருந்து நாலறை மற்றும் அதைவிடப் பெரிய வீடுகளில் உறவினர் அல்லாதவர்கள் ஆறு பேருக்குப் பதில் எட்டுப் பேர்வரை தங்கலாம் என்று அரசாங்கம் தளர்த்தியது. கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

கட்டிலை இடம் மாற்றிப் பயன்படுத்துவதில் நமக்கும் அனுபவம் குறைவில்லை. 2010-ல் முதல் இளையர் ஒலிம்பிக் நடந்தபோது நன்யாங்கின் மாணவர் விடுதிகள்தாம் விளையாட்டாளர் கிராமம். 2020 மார்ச் 18-ல் மலேசியா எல்லையை மூடியபோது ஜோகூரிலிருந்து தினமும் வந்துபோன ஊழியர்கள் இங்கேயே தங்க வேண்டியதாயிற்று. ஓர் ஊழியருக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி என 14 இரவுகளுக்கு மனிதவள அமைச்சு முதலாளிகளுக்குக் கொடுத்தது. காலியாகக் கிடந்த ஹோட்டல்கள் நிரம்பின. அதே ஆண்டு தஞ்சோங் பகார் முனையத்தில் மிதவைக் குடியிருப்புகளை நிறுத்தி வெளிநாட்டு ஊழியர்களைத் தங்கவைத்தோம். ஹம்போல்ட்காரர்கள் பேசியதை நாம் செய்தே காட்டிவிட்டோம்.

இப்போது உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு விடுதிக் கட்டடம் ஆகஸ்ட்டுக்குள் முடியவில்லை. 38 மாணவர்களை நகருக்குள் ஒரு ஹோட்டலில் வைத்தோம். ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்துக்கு அனுப்பியவன் நான்தான். அதில் ஒரு வரி இருந்தது: நகரில் பெரிய நிகழ்ச்சிகள் நடக்கும் நாள்களில், முன்னறிவிப்புத் தந்து, அறைகளை ஹோட்டல் திரும்பப் பெறலாம். எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும் வரிதானே என்று விட்டுவிட்டேன். செப்டம்பரில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் வந்தது. நான்கு இரவுகளுக்கு 38 பேரையும் வேறோர் இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மறுவாரம் அவர்களுக்கு இடைப்பருவத் தேர்வு. மழை வேறு. நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஒரு பெண், ஒரு கையில் பெட்டி, மறு கையில் நீல நிறப் பிளாஸ்டிக் வாளியோடு வரவேற்புக் கூடத்தில் நின்றாள். வாளிக்குள் காயாத துணி. ஹோட்டலில் ஒரு சட்டையைத் துவைக்க ஆகும் காசில் உணவங்காடியில் ஒரு வேளை சாப்பிடலாம் என்பதால் அவளே வாளி வாங்கி வைத்திருந்தாள். "சார், திங்கட்கிழமை திரும்பி வரும்போது அதே அறைதானே?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதே அறை கிடைக்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் எங்கள் நிலையத்தின் பெயர் இருந்தது, ஹோட்டலின் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் எங்குமே இல்லை. வாடகைக்கு வீடு எடுத்திருந்தால் அவளிடம் ஓர் ஒப்பந்தம் இருந்திருக்கும், முத்திரைத் தீர்வை கட்டிய தாள் இருந்திருக்கும், தகராறு என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கலாம். ஹோட்டலில் அவள் விருந்தாளி, அதுவும் இன்னொருவர் அழைத்துவந்த விருந்தாளி. உங்கள் மகனின் நிலையும் அதுதான். அறை நன்றாக இருக்குமா, கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்குமா என்றெல்லாம் கவலைப்படாதீர்கள். அந்த அறை எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை அவனுடையது என்று கவலைப்படுங்கள்.

அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் ஃபார்முலா ஒன் இல்லை, ஆனால் கால்பந்து இருக்கிறது. சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும் வார இறுதி, பெற்றோர் வந்து பார்க்கும் வார இறுதி என இலையுதிர் பருவம் முழுக்க ஹோட்டல்களுக்கு அறுவடைக் காலம். அந்த நாள்களிலும் அறை மாணவர்களிடமே இருக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். விடுதியில் இடம் காலியானால் பருவத்தின் நடுவிலேயே மாற்றுவார்களா, எத்தனை நாள் முன்னறிவிப்பு, தேர்வு வாரத்தில் மாற்றாமல் இருப்பார்களா, பெட்டிகளைச் சுமக்க வண்டி யார் தருவது என்றும் கேளுங்கள். மாற விருப்பமில்லை என்றால் மறுக்கலாமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறைத்தோழனோடு நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகு பிரிக்க வந்தால் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். எல்லாவற்றுக்கும் மேலாக டிசம்பர். பல இடங்களில் ஹோட்டல் ஒப்பந்தம் பருவத்தின் கடைசி நாளோடு முடியும். அமெரிக்கப் பையன் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். உங்கள் மகன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஈசூன் வரவில்லை என்றால் அந்த மூன்று நான்கு வாரம் எங்கே படுப்பான், பெட்டிகளை எங்கே வைப்பான்?

இன்னொன்று, பெற்றோர் பலர் தவறவிடுவது. மாணவர் விசாவில் இருப்பவர் முகவரி மாறினால் 10 நாள்களுக்குள் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஹோட்டலிலிருந்து விடுதிக்கு மாற்றியது கல்லூரியே ஆனாலும், ஓர் அலுவலகம் செய்தது பக்கத்து அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். 14 ஆண்டுகள் அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். மாறிய அன்றைக்கே அவனே பதிவு செய்துவிட வேண்டும்.

வசதி பற்றியும் கொஞ்சம். ஹோட்டல் அறையில் அனேகமாக ஒரே மேசை இருக்கும். இரண்டு கட்டில், இரண்டு மாணவர், ஒரு மேசை. இரண்டாவது மேசை போடுவார்களா என்று கேட்பது அற்பமாகத் தோன்றும், கேட்டுவிடுங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் கேளுங்கள். வளாக நூலகம் நள்ளிரவுவரை திறந்திருந்து, ஹோட்டல் பேருந்து பத்து மணிக்கே நின்றுவிட்டால் அந்த நூலகத்தால் அவனுக்குப் பயனில்லை. இரண்டு மைல் என்பது நமக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நடைபாதையே இல்லாத நெடுஞ்சாலை ஓரத்தில், நவம்பர் குளிரில், அது வேறு தூரம்.

சமையல் கிடையாது. காரைக்குடிப் பையன் ஒருவன் எங்கள் 38 பேரில் இருந்தான். குளியலறையில் ரைஸ் குக்கரை வைத்து ரசம் சாதம் செய்தான். ஆவி வெளியேறட்டும் என்று கதவைத் திறந்திருக்கிறான். நள்ளிரவு ஒரு மணிக்கு அபாயமணி அலறியது. குளியல் அங்கியோடு சுற்றுலாப் பயணிகள், கைக்குழந்தைகள், ஒரு முதிய தம்பதி என ஹோட்டல் மொத்தமும் படிக்கட்டில் இறங்கித் தெருவில் நின்றது. அவனும் நின்றான், கையில் கரண்டியோடு.

ஆனால் உங்கள் மகன் உண்மையில் இழக்கப்போவது சமையலை அல்ல, கதவை. மாணவர் விடுதியில் முதல் சில வாரங்கள் எல்லாக் கதவுகளும் திறந்தே கிடக்கும். செருப்பை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள். போகிற வருகிறவன் எட்டிப் பார்ப்பான், நாலு வார்த்தை பேசுவான், அன்றிரவு சாப்பிட ஒன்றாகப் போவார்கள். ஹோட்டல் கதவு தானாக மூடிக்கொள்ளும் கனத்த கதவு. தீ பரவாமல் இருக்க அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் பின்னால் நம் பிள்ளைகள் கைப்பேசியோடு முடங்கிவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே அவர்கள் தளத்தில் மூத்த மாணவர் ஒருவர் பொறுப்பாளராகத் தங்குவாரா, கூடிப் பேச ஓர் அறையாவது மாணவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் எனக்கு அந்தக் கல்லூரி மீது மதிப்புக் குறையும். படுக்கையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள் என்று பொருள்.

மேலே சொன்ன கேள்விகளை ஒரே மின்னஞ்சலில், மகன் பெயரிலேயே அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பெற்றோரைவிட மாணவருக்குத்தான் பதில் எழுதும். அவனுக்கும் வயது வந்துவிட்டது. நாள்களை வெளிப்படையாக எழுதித் தந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், நானாக இருந்தால் ஒப்புக்கொள்வேன். 'ஆவன செய்வோம்' என்ற பாணியில் வழுக்கினால், இந்தப் பருவத்தைத் தள்ளி ஜனவரியில் சேர முடியுமா, முன்பணம் திரும்ப வருமா என்று அடுத்த மின்னஞ்சலில் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பிறகு சில வேளைகளில் விடுதியிலேயே ஓர் இடம் முளைப்பதுண்டு.

டிசம்பர் பற்றிய பதில் வரும்வரை திரும்பி வரும் டிக்கெட்டின் தேதியை முடிவு செய்யாதீர்கள். வாளி அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். ரைஸ் குக்கர் ஈசூனிலேயே இருக்கட்டும்.